தோளிலா, தொடையிலா, வேண்டவே வேண்டாமா? கல்லீரல் தமனிக்குள் வைக்கும் கீமோ போர்ட்

கல்லூரி நண்பன் ஒருவன் தைவானிலிருந்து இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். ஆராய்ச்சி வேலைக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். வயது 46. உடம்பில் ஹெபடைடிஸ் பி இருந்ததே தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது கல்லீரலின் வலது பக்கத்தில் 9 சென்டிமீட்டர் கட்டி. அது குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் வலது கிளைக்குள்ளும் புகுந்துவிட்டது. அறுத்து எடுக்க வழியில்லை.

"கல்லீரல் தமனிக்குள்ளயே கீமோ குடுக்கலாம்னு சொல்றாங்கடா. அதுக்கு ஒரு போர்ட் வைக்கணுமாம். தோளுக்குக் கீழ வைக்கலாம், தொடை இடுக்குல வைக்கலாம், இல்ல எதுவும் வைக்காம ஒவ்வொரு தடவையும் புதுசா கதீட்டர்ங்கிற மெல்லிய குழாயைப் போடலாம்னு மூணு வழி சொல்லி, யோசிச்சு வாங்கன்னுட்டாங்க. நீ தினமும் ஆஞ்சியோ ரூம்லதானே நிக்கிற, சொல்லு."

நான் டாக்டர் இல்லை, ரத்தக்குழாய்களைப் படம் பிடித்துச் சிகிச்சை செய்யும் ஆஞ்சியோ அறையில் டெக்னீஷியன். எங்களிடம் வரும் கல்லீரல் புற்றுநோயாளிகளுக்குப் பெரும்பாலும் டேஸ் செய்வோம். கட்டிக்குப் போகும் தமனிக்குள் மருந்தைச் செலுத்தி, கூடவே அந்தத் தமனியை அடைத்துவிடும் முறை அது. தமனிக்குள் போர்ட் வைத்து விட்டுவிடுவது நம் பக்கம் அரிது. ஜப்பான், கொரியா, தைவான், சீனாவில்தான் அது பழகிய வேலை. அதனால் எங்கள் ரேடியாலஜி டாக்டரிடம் இரண்டு மாலை உட்கார்ந்து கேட்டேன், கிடைத்த கட்டுரைகளைப் படித்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு வீடுகளும் இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு, குடல் புற்றுநோய்க்கு நெஞ்சில் வைக்கும் கீமோ போர்ட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது சிரையில் இருப்பது. மருந்து இதயத்துக்குப் போய் உடம்பு முழுக்கப் பரவும். இங்கே பேசுவது தமனிப் போர்ட். வெளியே தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தோலுக்கடியில் சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிதாய், நடுவில் ஊசி குத்த மெத்தென்று ஒரு வட்டம். ஆனால் இதன் குழாய் பெருந்தமனி வழியாக இறங்கிக் கல்லீரல் தமனியில் போய் நிற்கிறது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் யாராவது சிரைப் போர்ட் என்று நினைத்து இதில் ரத்தம் எடுத்தாலோ, சலைன் ஏற்றினாலோ குழாய் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் மருந்து நேராகக் கல்லீரலில் போய்க் கொட்டும். தமனிப் போர்ட் உள்ளவர் "இது தமனியில் இருக்கிறது" என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது. நண்பனிடம் முதலில் சொன்னதே இதுதான்.

எதற்குத் தமனி? கல்லீரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரையில், கால் பங்கு தமனியில். ஆனால் கல்லீரலில் தோன்றும் புற்றுக்கட்டி தன் ரத்தத்தில் பெரும்பங்கைத் தமனியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. அதனால் தமனியில் கொடுக்கும் மருந்து கட்டியில் அடர்த்தியாக இறங்கும், உடம்பின் மற்ற இடங்களுக்குக் குறைவாகப் போகும்.

நண்பனைப் போல போர்ட்டல் சிரைக்குள் கட்டி புகுந்தவர்களுக்கு இதில் இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. ஒரு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும்போது டேஸ் செய்து தமனியையும் அடைத்தால் கல்லீரலே தாங்காமல் போகலாம். அடைக்காமல் மருந்தை மட்டும் கொடுக்கத்தான் இந்த வழிக்கு வருகிறார்கள். அப்படியிருக்க, வைத்த குழாயே தமனியை அடைத்துவிட்டால் எதைத் தவிர்க்க வந்தோமோ அதுவே நடந்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இந்தத் தேர்வில் மருந்தின் பெயரைவிட, எந்த வழி தமனியை அதிக நாள் உயிரோடு வைத்திருக்கும் என்பதை நான் முதலில் பார்த்தேன்.

கல்லீரல் தமனி அடைத்தால் கல்லீரல் உடனே செத்துவிடாது. போர்ட்டல் சிரை நன்றாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். ஆனால் பித்தநாளங்களுக்கு ரத்தம் முழுக்கத் தமனியிலிருந்துதான் வருகிறது. அவை சுருங்கலாம், பித்தம் கசிந்து தேங்கலாம், சீழ் பிடிக்கலாம். கட்டியும் சும்மா இருக்காது. உதரவிதானத்துக்குப் போகும் தமனியைப் போன்ற பக்கத்து வழிகளிலிருந்து ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் நாம் பிரதான தமனியில் கொடுக்கும் மருந்து கட்டிக்குப் போகாது. டேஸ், கதிரியக்க மணிகளைச் செலுத்துவது என்று தமனி வழியாகப் பின்னால் செய்ய நினைத்த எல்லாவற்றுக்கும் அதோடு கதவு மூடிவிடும்.

ஏன் அடைக்கிறது என்பது ஆஞ்சியோ திரையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். கதீட்டரின் நுனி தமனிக்குள் சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் சாட்டை நுனி மாதிரி துள்ளும். மூச்சு விடும்போது கல்லீரலோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். டேஸ் செய்யும் ஒரு மணி நேரத்துக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் அதே நுனி மாதக்கணக்கில் ஒரே சுவரில் உரசினால்? உள்தோல் புண்ணாகும், ரத்தம் உறையும், சுவர் தடித்துத் தமனி குறுகும். சில சமயம் சுவர் பலவீனமாகி வெளிப்பக்கம் பை போல வீங்கும். டாக்டர்கள் சூடோ அனியூரிசம் என்பார்கள். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. போதாக்குறைக்கு, நுனித் துளையிலிருந்து பீய்ச்சும் மருந்தும் அதே இடத்தில் படும். கீமோ மருந்துகள் ரத்தக்குழாய்ச் சுவருக்கு ஆகாதவை.

இதற்கு ஜப்பானிய ரேடியாலஜி டாக்டர்கள் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கல்லீரல் தமனியிலிருந்து இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் ஒரு கிளை பிரிகிறது. நாங்கள் ஜி.டி.ஏ. என்று சொல்வோம். கதீட்டரின் நுனியைக் கல்லீரல் பக்கம் விடாமல் இந்தக் கிளைக்குள் நுழைத்து, சுற்றிலும் காயில் எனப்படும் சின்னச் சின்ன உலோகக் கம்பிச் சுருள்களைத் திணித்து, சில இடங்களில் மருத்துவப் பசையும் விட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நுனியை அடைத்துவிட்டு, குழாயின் பக்கவாட்டில் ஒரு துளை போடுகிறார்கள். அந்தத் துளை கல்லீரல் தமனியின் நடுவில் வந்து நிற்கும். நுனி கட்டிப்போடப்பட்டதால் துள்ளாது, உரசாது. ஓடும் ரத்தத்தில் மருந்து கலந்து போகும். கூடவே ஜி.டி.ஏ. அடைபட்டதால் அந்த வழியாக மருந்து இரைப்பைக்கும் போகாது. எந்த மருத்துவமனையில் போர்ட் வைத்தாலும் "நுனியை ஜி.டி.ஏ.வில் காயில் வைத்து நிறுத்துவீர்களா, சும்மா விடுவீர்களா?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். சும்மா மிதக்க விடுவோம் என்றால் என் வீட்டு ஆளுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

தோளில் வைப்பது என்றால் இடது காறை எலும்புக்கடியில் ஓடும் தமனி. பெரிய வசதி என்னவென்றால், குழாய் மேலிருந்து கீழாக இயல்பாக இறங்குகிறது, கல்லீரல் தமனிக்குள் ஆடாமல் உட்கார்கிறது. மருந்து ஏறும்போதே எழுந்து நடக்கலாம், குளியலறைக்குப் போகலாம். ஜப்பானில் பல காலம் பயன்படுத்திய சிஸ்பிளாட்டின், 5-எஃப்.யு. என்ற இரு கீமோ மருந்துகளின் முறையில் ஐந்து நாள் தொடர்ந்து மருந்து ஓடும், அடுத்த வாரமும் அப்படியே. அத்தனை நாள் படுத்தே கிடக்க யாராலும் முடியாது. அங்கே போர்ட் வளர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இந்த வழியின் விலை மூளையில் இருக்கிறது. பின்மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி அதே இடதுபுறத் தமனியிலிருந்துதான் கிளம்புகிறது. குழாய் அந்த வாசலைக் கடந்துதான் இறங்க வேண்டும். குழாயின் மேல் படியும் ரத்த உறைவில் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போனால் பக்கவாதம். திடீர்த் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது எதுவாக இருந்தாலும் "கீமோவால் வந்த அசதி" என்று படுத்துவிடக் கூடாது, அந்த மணி நேரமே ஓட வேண்டும். வலது பக்கம் வைத்தால் கழுத்துத் தமனியின் வாசலையும் சேர்த்துக் கடக்க வேண்டும் என்பதால்தான் இடது பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொன்று, காறை எலும்புக்கடியில் ரத்தம் கசிந்தால் விரலை வைத்து அழுத்தி நிறுத்துவது கஷ்டம். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குத் தட்டணுக்கள் குறைவாகவே இருக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர், வயதில் மூத்தவர் இவர்களுக்கு நான் தோளைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

தொடை இடுக்கில் மூளைக் கவலை இல்லை. குழாய் கீழிருந்து மேலே போகிறது, தலைப்பக்கம் போகும் கிளைகள் எதையும் தொடுவதில்லை. கசிந்தாலும் அந்த இடத்தில் தமனிக்குப் பின்னால் எலும்பு இருப்பதால் கையை வைத்து அழுத்தினால் நிற்கும். எங்கள் அறையில் கேஸ் முடிந்ததும் பதினைந்து இருபது நிமிடம் நாங்கள் செய்கிற வேலைதான் அது. ஆனால் தொடை மடங்கும் இடம். உட்கார, எழ, மாடிப்படி ஏற, சம்மணம் போட ஒவ்வொரு தடவையும் குழாய் வளைகிறது, இழுபடுகிறது. நுனி நழுவுவது, குழாய் மடிந்து அடைப்பது இந்த வழியில் நடக்கும். வியர்க்கும் இடம் என்பதால் சீழ் பிடிக்கும் பயமும் உண்டு. காலுக்குப் போகும் தமனியில் குழாய் நிரந்தரமாகக் கிடப்பதால் சர்க்கரை நோயாளிகள், புகை பிடித்தவர்கள் இவர்களின் கால் ரத்த ஓட்டத்தை முதலிலேயே டாப்ளர் ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். கால் வெளிறிக் குளிர்ந்து போனால் அது தமனி, வீங்கிக் கனத்தால் அது சிரை. இரண்டுக்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

அமெரிக்காவில் பேசப்படும் பம்பைப் பற்றியும் நண்பன் எங்கோ படித்துவிட்டுக் கேட்டான். அது வேறு சாமான். வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கும் டைட்டானிய வட்டு, குழாயை ஜி.டி.ஏ.வில் அறுவைச் சிகிச்சை செய்து தைக்கிறார்கள், பித்தப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். பேட்டரி கிடையாது. உள்ளே இருக்கும் வாயு உடம்புச் சூட்டில் விரிந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளுகிறது. காய்ச்சல் வந்தால், விமானத்தில் பறந்தால் வேகம் கூடும்! பெரும்பாலும் குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுக்குத்தான் இது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் இதில் பெயர் பெற்ற இடம். அங்கே 544 பம்புகளைக் கணக்கெடுத்து 2005-ல் வெளியான ஆய்வில் 22 சதவீதம் பேருக்குப் பம்ப் சார்ந்த சிக்கல் வந்திருந்தது. தமனி அமைப்பு வழக்கத்துக்கு மாறாக இருந்தவர்கள், ஜி.டி.ஏ. அல்லாத கிளையில் குழாய் வைக்கப்பட்டவர்கள், கை பழகாத அறுவை மருத்துவரிடம் போனவர்கள் இவர்களிடம் சிக்கல் அதிகம். நண்பனுக்கு இந்த வழி பொருந்தாது. ஆனால் இந்த மூன்று காரணங்களும் போர்ட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி வழி, எதையும் உள்ளே விட்டு வைக்காதது. குவாங்சோவில் உள்ள சன் யாட்-சென் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையம் பெரிய அளவில் செய்து காட்டியது இது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை தொடையில் ஊசி போட்டு, மைக்ரோ கதீட்டரைக் கட்டிக்குப் போகும் தமனி வரை கொண்டுபோய், ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோ மருந்துக் கலவையை ஒன்று இரண்டு நாள் ஓட்டி, குழாயை உருவி எடுத்துவிடுகிறார்கள். சீனாவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் கவனிக்க வேண்டியவை. 2022-ல் வந்த ஒன்றில் பெரிய கட்டிகளுக்கு டேஸ் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 16.1 மாதம், இந்த முறையில் 23.1 மாதம். போர்ட்டல் சிரைக்குள் கட்டி புகுந்தவர்களை வைத்து 2019-ல் வந்த இன்னொன்றில், சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 7.13 மாதம், கூடவே இதையும் செய்தவர்களுக்கு 13.37. போர்ட் வைத்துச் சிஸ்பிளாட்டின், 5-எஃப்.யு. கொடுத்த ஜப்பானின் சிலியஸ் ஆய்வில் அப்படி வரவில்லை. மாத்திரை மட்டும் 11.5 மாதம், இரண்டும் சேர்ந்து 11.8. மருந்து வேறு, நோயாளிகள் வேறு என்பதால் இதைப் போர்ட்டின் குற்றமாக யாரும் படிக்கக் கூடாது. ஆனால் போர்ட் வைத்தால்தான் பலன் என்று நினைக்கவும் இதில் இடமில்லை.

ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவதன் பெரிய லாபம், ஒவ்வொரு முறையும் தமனியின் படம் கிடைக்கிறது. குறுகுகிறதா, புதுக் கிளை முளைத்திருக்கிறதா என்று டாக்டர் கண்ணால் பார்த்துப் போகலாம். உறைவு படிய உள்ளே பொருள் எதுவும் இல்லை. நஷ்டம், காலை நீட்டியபடி படுத்தே கிடக்க வேண்டும். முதுகு வலி உயிரை வாங்கும். சிறுநீர் படுக்கையிலேயே. அசையாத காலில் சிரை உறைவு வரலாம். மருந்து ஏறும்போது வயிற்றைப் பிடுங்கும் வலியும் சிலருக்கு வரும். திரும்பத் திரும்பக் கம்பி நுழைவதால் தமனியின் உள்தோல் கிழிவதும் நடக்கக்கூடியதுதான். ஒவ்வொரு முறையும் ஆஞ்சியோ அறைச் செலவு, கதிர்வீச்சு.

இதெல்லாம் எதற்கு, நேராக ஊசி மருந்துக்குப் போய்விடலாமே என்றும் அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அட்டசோலிசுமாப், பெவசிசுமாப் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகளையும் கையில் சிரை வழியாகவே ஏற்றலாம். 2020-ல் வந்த ஐம்பிரேவ்150 ஆய்வின் தொடர்ச்சி சோராஃபெனிப்பின் 13.4 மாதத்துக்கு எதிராக 19.2 மாதத்தைக் காட்டியது. மேற்கத்திய வழிகாட்டுதல்கள் அது போன்ற மருந்துகளைத்தான் முதலில் வைக்கின்றன, தமனிக் கீமோவைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ஜப்பானும் சீனாவும் போர்ட்டல் சிரைக்குள் கட்டி புகுந்தவர்களுக்குத் தமனிக் கீமோவை ஒரு வழியாக வைத்திருக்கின்றன. இவனுக்கோ உணவுக்குழாயில் புடைத்த ரத்தநாளங்கள் இருந்து, இரண்டு மாதம் முன்புதான் அவை கசியாமலிருக்க ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். பெவசிசுமாப் ரத்தக் கசிவைக் கூட்டும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். பெரிய அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் அதை நிறுத்தி வைக்கச் சொல்வதும் அதனால்தான். பின்னால் அந்த மருந்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், உடம்பில் ஆறாத போர்ட் காயம் இல்லாமல் இருப்பதும் ஒரு கணக்கு.

இத்தனையும் பேசிய பிறகு, "உன் சிடி ஆஞ்சியோ படத்தை அனுப்பு" என்றேன். கல்லீரல் தமனி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1,000 கல்லீரல்களைப் பார்த்து 1994-ல் வந்த கணக்கில் முக்கால் பங்குப் பேருக்குத்தான் பாடப் புத்தகத்தில் உள்ள அமைப்பு. மறுநாள் எங்கள் டாக்டர் திரையில் படத்தை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்திப் பேனா முனையால் காட்டினார். அவனுடைய வலது கல்லீரல் தமனி, வர வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியிலிருந்து தனியாகக் கிளம்பி மேலே ஏறியது. கட்டி முழுக்க அந்த வலது பக்கத்தில்.

போர்ட் வைப்பதென்றால் இப்படிப்பட்ட அமைப்பில் வழக்கமாக அந்தத் தனித் தமனியைக் காயில் வைத்து அடைத்து, மொத்தக் கல்லீரலையும் ஒரே தமனியிலிருந்து ரத்தம் வாங்கப் பழக்குவார்கள். பலருக்கு அது நன்றாகவே நடக்கும். ஆனால் இவனுக்கு வலது போர்ட்டல் கிளை கட்டியால் நிரம்பியிருக்கிறது. வலது பக்கத்துக்கு மிச்சமிருக்கும் நேர்வழி அந்த ஒரு தமனிதான். அதை அடைக்காமல் அதற்குள்ளேயே நிரந்தரக் குழாய் வைக்கலாம் என்றால், நுனியைக் கட்டிப்போட அங்கே ஜி.டி.ஏ. இல்லை. மிதக்கத்தான் விட வேண்டும்.

"புதுசா போடறது. அந்தத் தமனிக்குள்ள நேரா போய், ஓட்டி, எடுத்துடலாம்" என்றார் டாக்டர். நான் நினைத்ததும் அதுவே. நண்பனுக்குச் சொன்னேன். அவனும் அங்கேயுள்ள டாக்டரிடம் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறான், அவரும் ஒத்துக்கொண்டார்.

இதே நண்பனுக்குத் தமனி வழக்கமான இடத்தில் இருந்து, ஐந்து நாள் ஓடும் மருந்துதான் என்று முடிவாகியிருந்தால், பக்கவாத ஆபத்து இல்லாத 46 வயதுக்காரனுக்குக் காயில் வைத்து நிறுத்திய தோள் போர்ட்டைச் சொல்லியிருப்பேன். அப்போது சொல்ல வைத்திருந்தவற்றையும் எழுதிவிடுகிறேன். ஊசியை எடுக்கும்போது ஹெப்பரின் கலந்த சலைனைத் தள்ளிக்கொண்டே எடுக்க வேண்டும். இல்லையென்றால் தமனி அழுத்தத்தில் ரத்தம் குழாய்க்குள் ஏறி உறையும். தள்ளும்போது கை கனத்தால் பலம் கொடுக்கக் கூடாது, நிறுத்திவிட்டுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்து ஓடும்போது மேல்வயிற்றில் புதிதாக எரிச்சல் வந்தால் மருந்து இரைப்பைப் பக்கம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அமிலத்துக்கான மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த மருந்துக்குப் போய்ப் படுக்கக் கூடாது. மலம் கருத்தால் உடனே சொல்ல வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை போர்ட் வழியாகவே டை (படத்தில் தெரியும் சாயம்) செலுத்தி, அது இன்னும் கல்லீரலுக்குத்தான் போகிறதா என்று பார்த்துவிடச் சொல்லியிருப்பேன்.

முதல் சுற்று போன மாதம் முடிந்தது. இரண்டாம் நாள் மாலை வீடியோவில் கூப்பிட்டான். வலது காலை நீட்டி, முழங்காலுக்கு மேல் ஒரு பட்டையைச் சுற்றி வைத்திருந்தார்கள். அவன் மனைவி ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். "முதுகுதான்டா தாங்கல" என்றான். இடுப்புக்கடியில் துண்டை மடித்து வைக்கச் சொன்னேன், இடது காலை மட்டும் மடக்கி நீட்டச் சொன்னேன், வலது பாதத்தைக் கணுக்காலில் ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். போனைக் கால்மாட்டுக்குத் திருப்பிக் காட்டினாள். போர்வைக்கு வெளியே அவன் பாதம் மெதுவாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.